நாலு அறை வீட்டில் ஒரு சாப்பாட்டுக்கடை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒட்டுக்கடை என்றால் என்னவென்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு தேநீரும் இரண்டு வடையும் கிடைக்கும் இடம் அது. மாலையில் நாலு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடமும் அதுவே. சம்பள நாளன்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பழைய கடனை அடைக்கும் இடமும் அதுவே. ஒரு பெண்பிள்ளை நெருப்பை மூட்டி, நாலு பேருக்குச் சமைத்து விற்றுத் தன் பிள்ளைகளைப் படிக்க வைப்பது நமக்கு அன்றாடக் காட்சி. அதில் என்ன வரலாறு இருக்கிறது என்று நாம் கேட்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அந்நாட்டின் கறுப்பின மக்கள் தங்கள் குடியிருப்புகளில் சமைத்து விற்பதற்கும், நாலு மேசை போட்டு விருந்தினரை உட்கார வைப்பதற்கும் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தின் அடியில் கிடந்த கேள்வி ஒன்றுதான். உழைப்பாளி தன் கூலியில் உணவுக்கும் பானத்துக்கும் செலவிடும் காசு யாருடைய பெட்டியில் போய் விழ வேண்டும்? இன்றைய உரையில் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடைகளின் கதையைக் காண்போம்.

முதலில், டவுன்ஷிப் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம். 1886ஆம் ஆண்டு ஜொகானஸ்பர்க் பகுதியில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வெள்ளையர் வீட்டு வேலைக்கும் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் தேவைப்பட்டனர். ஆனால் அவர்கள் நகரத்துக்குள் குடியிருப்பதை ஆட்சியாளர் விரும்பவில்லை. 1923இல் ஒரு சட்டம் வந்தது. ஆப்பிரிக்கர் நகருக்கு வெளியே தனிக் குடியிருப்புகளில்தான் வாழ வேண்டும் என்று ஏற்பாடு செய்ய அந்தச் சட்டம் நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. வெள்ளையருக்கு உழைப்பதற்காக மட்டுமே ஆப்பிரிக்கர் நகரத்துக்கு வரலாம், உழைப்பு முடிந்தால் போய்விட வேண்டும் என்பதே அக்காலத்து எண்ணம். இப்படி நகரத்தின் ஓரத்தில் அமைக்கப்பட்ட குடியிருப்புகளே டவுன்ஷிப் எனப்பட்டன. ஜொகானஸ்பர்க் நகரின் தென்மேற்கில் இருந்த பல குடியிருப்புகளுக்குச் சேர்த்து 1963இல் சொவேட்டோ என்று பெயரிட்டார்கள். தென்மேற்குக் குடியிருப்புகள் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது.

அங்கே அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நாலு சிறிய அறைகள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 40 சதுர மீட்டர். தீப்பெட்டி வீடு என்று மக்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். வரிசை வரிசையாக லயங்களைக் கண்ட நம் கண்ணுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாகத் தோன்றா. வீடு வாடகைக்குத்தான். நிலம் அரசாங்கத்துடையது. வேலை போனால் வீடும் போகலாம். இந்த நாலு அறை வீட்டுச் சமையலறையில்தான் நாம் பேசப்போகும் கடைகள் பிறந்தன.

உழைப்பாளியின் காசு எங்கே போக வேண்டும் என்பதில் ஆட்சியாளர் மிக முன்னதாகவே கவனம் செலுத்தினார்கள். இதற்குச் சான்று டர்பன் நகரம். ஆப்பிரிக்கப் பெண்கள் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் முளைக்கட்டி, அரைத்து, புளிக்க வைத்துக் காய்ச்சும் ஒரு பானம் உண்டு. உம்கொம்போத்தி என்பது அதன் பெயர்களுள் ஒன்று. நம் கூழைப் போலப் புளிப்பும் கெட்டியும் கொண்டது. சற்றே போதை தருவது. குடும்பச் சடங்குகளிலும் முன்னோர் வழிபாட்டிலும் அதற்கு இடமுண்டு. நகரத்துக்கு வந்த பெண்கள் அதைக் காய்ச்சி உழைப்பாளிகளுக்கு விற்று வாழ்ந்தார்கள். 1908இல் நேட்டாலில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்தப் பானத்தைக் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சி தனக்கு மட்டுமே உரியதாக ஆக்கிக்கொள்ள அது வழி செய்தது. டர்பன் நகராட்சி மறு ஆண்டிலேயே தானே பீர்க் கூடங்களைத் திறந்தது. வீட்டில் காய்ச்சிய பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

அந்த இலாபம் எதற்குப் பயன்பட்டது தெரியுமா, நேயர்களே? ஆப்பிரிக்கரைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கும், அவர்களை அடைத்து வைத்த தொழிலாளர் கொட்டடிகளுக்கும் அந்தப் பணமே செலவிடப்பட்டது. அதாவது, தன்னைக் கட்டி வைக்கும் கயிற்றுக்கு உழைப்பாளியே விலை கொடுத்தான். இந்த முறைக்கு டர்பன் முறை என்றே வரலாற்றில் பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் ஜொகானஸ்பர்க் உள்ளிட்ட வேறு நகரங்களும் இதைப் பின்பற்றின. நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் இருந்த கள்ளுக்கடைகளை நினைத்துப் பார்க்கும் பெரியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெண்கள் இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஜூன் மாதம், டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. பெண்கள் காய்ச்சி வைத்திருந்த பானைகளை அதிகாரிகள் கவிழ்த்துக் கொட்டினார்கள். பெண்கள் கையில் கம்புகளோடு நகராட்சியின் பீர்க் கூடங்களுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை வெளியே விரட்டினார்கள், பீப்பாய்களை உடைத்தார்கள். டோரத்தி நியெம்பே, ஃபுளோரன்ஸ் மிக்கிசே போன்றோர் முன்னின்றனர். கணவன்மாரின் கூலி வீடு வந்து சேராமல் கூடத்திலேயே கரைந்துவிடுகிறது, நாங்கள் காய்ச்சினால் மட்டும் குற்றமா என்பதே அவர்களுடைய முறையீடு. போலீஸ் தடியடி நடத்தியது. ஆயினும் கிளர்ச்சி நேட்டாலின் பிற ஊர்களுக்கும் பரவியது.

இதே 1959இல் இன்னொரு போராட்டமும் நடந்தது. அது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களாகிய நாம் அறிய வேண்டியது. பெத்தல் என்னும் மாவட்டத்தின் உருளைக்கிழங்குப் பண்ணைகளில், அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் பிடிபட்ட ஏழைகளைக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். சாக்குப் பையே அவர்களுக்கு உடை. அடி உதை சாதாரணம். இந்தக் கொடுமை வெளிப்பட்டதும், உருளைக்கிழங்கை உண்ணாதீர் என்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் அறைகூவல் விடுத்தது. டவுன்ஷிப் மக்களுக்கு உருளைக்கிழங்கு மலிவான உணவு. சாப்பாட்டுக்கடைகளில் பொரித்து விற்கப்படும் முக்கியச் சரக்கு. இருந்தும் ஏறத்தாழ மூன்று மாத காலம் மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். சந்தைகளில் மூட்டைகள் தேங்கிக் கிடந்தன. எங்கோ ஒரு பண்ணையில் வதைபடும் முகம் தெரியாத உழைப்பாளிக்காக, நகரத்து ஏழை தன் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை ஒதுக்கி வைத்தான்.

இனி, சாப்பாட்டுக்கடை நடத்த விரும்பிய ஒருவருக்கு என்னென்ன தடைகள் இருந்தன என்பதைப் பார்ப்போம்.

நகரத்துக்குள் கடை வைக்க முடியாது. 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம், தொழில் செய்யலாம் என்று வரையறுத்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களை இனவாரியாகப் பிரித்தது. நகரில் நாள் முழுதும் உழைத்த ஆப்பிரிக்கர் வெள்ளையரின் உணவகத்தில் உட்கார்ந்து ஒரு வாய்த் தேநீர் குடிக்க முடியாது. இதனால் ஜொகானஸ்பர்க் தெருவோரங்களில் காப்பி வண்டிகள் தோன்றின. தகரமும் பலகையும் கொண்டு அடித்த சிறு தள்ளுவண்டிகளில் காப்பி, தேநீர், ரொட்டி ஆகியவற்றை ஆப்பிரிக்கர்களே விற்றார்கள். தொழிற்சாலை வாயில்களில் உழைப்பாளிகளின் காலை உணவு அதுதான். நகராட்சி அந்த வண்டிகளையும் விட்டு வைக்கவில்லை. சுகாதாரம், போக்குவரத்து என்று காரணம் சொல்லித் தொடர்ந்து விரட்டியது. 1960களில் அவை அனேகமாக மறைந்து போயின.

சொந்த நிலத்தில் கடை வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. ஜொகானஸ்பர்க் அருகே சோஃபியாடவுன் என்ற பகுதியில் ஆப்பிரிக்கர் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க முடிந்தது. கடைகளும் உணவகங்களும் இசைக் கூடங்களும் நிறைந்த ஊர் அது. 1955 பிப்ரவரி 9ஆம் நாள் ஏறத்தாழ 2,000 போலீசார் சூழ்ந்து நிற்க, மக்களை லாரிகளில் ஏற்றி மெடோலேண்ட்ஸ் என்னும் புதிய குடியிருப்புக்குக் கொண்டுசென்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோஃபியாடவுன் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. புதிய இடத்தில் எவருக்கும் நிலம் சொந்தமில்லை.

டவுன்ஷிப்பிற்குள்ளே கடை வைக்கலாமே என்றால், அங்கும் கட்டுப்பாடு. 1963இல் அரசாங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒருவருக்கு ஒரு கடைதான். அன்றாட வீட்டுத் தேவைக்கான பொருள்களை மட்டுமே விற்கலாம். கூட்டுச் சேர்ந்து கம்பெனி அமைக்கக் கூடாது. கடைக் கட்டடத்தை வணிகர் தாமே கட்டிக்கொள்ளக் கூடாது. நகராட்சி கட்டித் தருவதை வாடகைக்கு எடுக்க வேண்டும். இந்த விதிகளின் நோக்கம் மறைவானதன்று. கடை சிறியதாகவே இருக்க வேண்டும். கடைக்காரர் என்றும் பெரிய முதலாளி ஆகிவிடக் கூடாது. மக்கள் பெரிய செலவுகளுக்கு வெள்ளையர் கடைகளுக்கே போக வேண்டும். நிலம் சொந்தமில்லை ஆதலால் வங்கியில் அடகு வைக்கவும் ஒன்றுமில்லை. அடகு இல்லையேல் கடனும் இல்லை.

ரிச்சர்ட் மபோன்யா என்பவர் பின்னாளில் சொவேட்டோவின் புகழ்பெற்ற வணிகர் ஆனவர். 1950களில் அவர் துணிக்கடை திறக்க உரிமம் கேட்டார். மண்டேலாவும் டாம்போவும் அப்போது வழக்கறிஞர்களாக இருந்தார்கள். அவர்களுடைய அலுவலகம் அவருக்காக வாதாடியது. துணிக்கு உரிமம் கிடைக்கவில்லை. அன்றாடத் தேவைப் பொருளுக்கு மட்டுமே கிடைத்தது. அவர் பால் வியாபாரத்தில் இறங்கினார். சொவேட்டோவில் அப்போது வீடுகளுக்கு மின்சாரமும் இல்லை, குளிர்பதனப் பெட்டியும் இல்லை. இளைஞர்களைச் சைக்கிளில் அனுப்பி வீடு வீடாகப் பால் கொடுத்தார். விதி விட்டு வைத்த சிறு இடைவெளிக்குள்ளே நுழைந்து தொழிலை வளர்த்தவர் அவர்.

உரிமம் கிடைக்காத மற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், என்ன செய்தார்கள்? தங்கள் முன்னறையையே கடையாக்கினார்கள். ஷெபீன் என்று அதற்குப் பெயர். அயர்லாந்து நாட்டவர் கள்ளத்தனமாக மது விற்கும் இடத்தைக் குறித்த சொல், கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. 1928ஆம் ஆண்டு மதுச் சட்டத்தின்படி ஆப்பிரிக்கர் மது விற்கக் கூடாது. வெள்ளையர் மதுவகைகளை அவர்கள் வாங்கவும் கூடாது. அந்தத் தடை 1962இல்தான் நீங்கியது. எனவே ஷெபீன் நடத்திய பெண்மணி எந்நேரமும் போலீசுக்கு அஞ்சியே வாழ்ந்தாள். குப்பிகளைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்து வைத்தாள். தெருமுனையில் பிள்ளைகளைக் காவல் நிறுத்தினாள்.

ஷெபீனைப் பற்றிப் பேசும்போது அதன் கேட்டையும் நாம் மறைக்கக் கூடாது. சீக்கிரம் போதை ஏற வேண்டுமென்று கண்டதைக் கலந்து காய்ச்சிய ஸ்கோக்கியான் போன்ற சரக்குகள் பலரின் உடலைக் கெடுத்தன. நம்மிடையே சம்சு செய்த அழிவை அறிந்தவர்களுக்கு இது புரியும். குடித்தவன் வீட்டில் பிள்ளைகள் பசித்திருந்ததும் உண்மை. ஆனால் ஷெபீன் மதுக்கடையாக மட்டும் இருந்திருந்தால் நாம் இன்று அதைப் பற்றி இவ்வளவு பேச மாட்டோம். வந்தவருக்கு அங்கே சாப்பாடும் போட்டார்கள். ஒரு தட்டு உணவு, ஓர் இசைத்தட்டு, நாலு பேர் கூடி உலக நடப்பைப் பேச ஓரிடம். வேறெங்கும் உட்காரவிடாத நாட்டில், உழைப்பாளி தலை நிமிர்ந்து உட்கார்ந்த நாற்காலி அந்த வீட்டில்தான் இருந்தது. பின்னாளைய உணவகங்களின் வித்து இதுவே.

அந்தத் தட்டில் என்ன இருந்தது என்றும் பார்ப்போம். முதலிடம் பாப் என்னும் உணவுக்கு. கொதிக்கும் நீரில் வெள்ளை மக்காச்சோள மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் கட்டியில்லாமல் கிளறி, மூடிபோட்டு ஆவியில் வேக விடுவார்கள். நம் பாட்டிமார் கிண்டிய களியேதான்! கையால் பிட்டு, உருட்டி, குழம்பில் தோய்த்து உண்பதும் அப்படியே. மொகோடு என்பது ஆட்டுக்குடல், மாட்டுக்குடல் குழம்பு. பலமுறை அலசிக் கழுவி, மூன்று நான்கு மணி நேரம் சிறு தீயில் வேக வைக்க வேண்டும். உம்ன்குஷோ என்பது உடைத்த மக்காச்சோளத்தையும் பயற்றையும் இரவே ஊற வைத்துச் சேர்த்து வேக வைப்பது. மண்டேலாவுக்கு மிகவும் பிடித்த உணவு. மக்வின்யா என்பது இரவில் பிசைந்து புளிக்க வைத்த மைதா மாவை விடியற்காலையில் எண்ணெயில் பொரித்தெடுக்கும் உருண்டை. சக்கலக்கா என்பது வெங்காயம், தக்காளி, மிளகாய், கேரட் முதலியவற்றை வதக்கிச் செய்யும் காரமான தொடுகறி. அதில் மணப்பது நம் கறித்தூள்!

கறித்தூள் அங்கே எப்படிப் போயிற்று? இங்கேதான் நம் மக்களின் கதை அதனோடு வந்து கலக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் டர்பனை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அதில் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். தமிழரும் தெலுங்கருமே பெரும்பாலோர். மலாயாவின் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த அதே காலம், அதே வறுமை, அதே கடல் பயணம். ஒப்பந்தம் முடிந்த பலர் டர்பனைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டார்கள். சிலர் சிறு கடை வைத்தார்கள். அவர்களும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்னும் இந்தியர் டவுன்ஷிப்புகளில் குடியேற்றப்பட்டார்கள்.

டர்பன் இந்தியர் உருவாக்கிய ஓர் உணவு நாடெங்கும் புகழ்பெற்றது. பன்னி சவ் என்று பெயர். ஒரு ரொட்டியைக் கால் பங்காகவோ அரையாகவோ வெட்டி, உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியைத் தோண்டியெடுத்து, அந்தக் குழியில் அவரைக்காய்ப் பருப்புக் குழம்பையோ இறைச்சிக் குழம்பையோ ஊற்றித் தருவார்கள். தோண்டியெடுத்த ரொட்டித் துண்டே மூடி. தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். 1940களில் கிரே தெருப் பகுதியின் இந்தியர் உணவகங்களில் இது பரவியது என்பர். தோன்றியதற்குப் பல கதைகள் உண்டு. உணவகத்துக்குள் ஆப்பிரிக்கரை உட்கார வைக்க முடியாத நிலையில், பின்வாசல் வழியே எடுத்துச் செல்ல வசதியாகச் செய்தது என்பது அவற்றுள் ஒன்று.

சொவேட்டோவில் இதற்கு ஒரு தங்கை உண்டு. கோட்டா என்று பெயர். கால் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே கோட்டா என்று திரிந்தது. கால் ரொட்டியைத் தோண்டி, பொரித்த உருளைக்கிழங்கு, இறைச்சித் துண்டு, முட்டை, மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றை அடுக்கித் தருவார்கள். அந்த ஊறுகாயை அவர்கள் அட்சார் என்கிறார்கள். மலாய்க்கார நண்பர்கள் ஆச்சார் என்று சொல்வதை நாம் அறிவோம். ஒரே சொல், எத்தனை கடல்களைக் கடந்திருக்கிறது பாருங்கள்! இன்றும் பள்ளிப் பிள்ளைகளும் வாடகை வேன் ஓட்டுநர்களும் பசியாறுவது இந்தக் கோட்டாக் கடைகளில்தான். ஒரு சிறு தகரக் கொட்டகை, ஓர் எண்ணெய்ச் சட்டி, நாள்தோறும் வரும் ரொட்டி, இவ்வளவே முதல்.

நாலு அறை வீட்டில் கடை நடத்துவது எளிதன்று. சொவேட்டோ வீடுகளுக்கு 1980களின் தொடக்கத்தில்தான் பரவலாக மின்சாரம் வந்தது. அதற்கு முன் எல்லாம் நிலக்கரி அடுப்பு. உழைப்பாளிகள் இருட்டோடு இரயிலேறிப் போவார்கள். அவர்களுக்கு மக்வின்யாவும் தேநீரும் தர வேண்டுமானால், சமைப்பவள் அதற்கும் முன்னே எழுந்து நிலக்கரியைப் பற்ற வைக்க வேண்டும். மாவு, எண்ணெய், இறைச்சி ஆகியவற்றை நகரத்தில் வாங்கி நெரிசல் மிகுந்த வண்டியில் கொண்டுவர வேண்டும். சம்பள நாள் வரை கடன் கொடுக்க வேண்டும். கொடுத்ததைக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும். கடன் கொடாதவளுக்கு வாடிக்கை இல்லை. எல்லாருக்கும் கொடுத்தவளுக்குக் கடையே இல்லை.

வங்கி முகம் கொடுக்காத அந்தப் பெண்களுக்குக் கைகொடுத்தது ஸ்டோக்வெல் என்னும் ஏற்பாடு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். மொத்தப் பணத்தை முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். நம்மிடையே சீட்டு என்றும் கூட்டு என்றும் வழங்குவது இதுவே. ஒருத்தி தன் முறை வந்தபோது பெரிய அண்டா வாங்கினாள். அடுத்தவள் ஆறு நாற்காலி வாங்கினாள். சட்டம் கம்பெனி அமைக்கக் கூடாதென்று தடுத்தது. பெண்களோ ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையால் முதல் திரட்டினார்கள்.

1976 ஜூன் 16ஆம் நாள் சொவேட்டோ மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் நடத்துவதை எதிர்த்துத் தொடங்கிய அந்த ஊர்வலத்தில் போலீசார் சுட்டனர். அதன்பின் மாணவர்கள் தீ வைத்த கட்டடங்களுள் அரசு நிருவாக அலுவலகங்களும் பீர்க் கூடங்களும் மதுக்கடைகளும் அடங்கும். தங்களை அடக்கும் நிருவாகம் தங்கள் தந்தையரின் குடிப்பணத்தால் நடக்கிறது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகே அரசு வணிக விதிகளைத் தளர்த்தத் தொடங்கியது. 1978இல் டவுன்ஷிப் மக்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை உரிமை கிடைத்தது. 1986இல் அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் நீங்கின. 1990இல் பொது இடங்களைப் பிரித்த சட்டமும், 1991இல் குழுப் பகுதிச் சட்டமும் ஒழிந்தன. 1994 ஏப்ரலில் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது.

இந்த மாற்றத்தை ஒரு கடையின் வரலாற்றிலேயே காணலாம். சொவேட்டோவின் டூபே பகுதியில் வாண்டி நிடாலா என்பவர் 1981இல் தம் நாலு அறை வீட்டில் ஒரு ஷெபீன் தொடங்கினார். சட்டப்படி அது குற்றம். பத்து ஆண்டுகள் கழித்து, 1991இல், அதுவே உரிமம் பெற்ற உணவகம் ஆயிற்று. வீட்டுச் சுவர்களைத் தள்ளிக் கட்டி விரிவாக்கினார்கள். பாப், மொகோடு, சக்கலக்கா என்னும் அதே ஏழை உணவுகளைப் பெரிய பாத்திரங்களில் வரிசையாக வைத்தார்கள். வெளிநாட்டவர் வந்து உண்டு, தங்கள் பெயர்ச் சீட்டுகளையும் பணத்தாள்களையும் சுவரில் குத்திவிட்டுப் போனார்கள். ஒளித்து வைத்த அடுப்பைத் தேடி உலகம் வந்தது.

அதேபோல் மண்டேலாவும் பேராயர் டூட்டுவும் வாழ்ந்த விலாகாசி தெருவில் 2001இல் சகும்சி என்னும் உணவகம் தொடங்கப்பட்டது. வங்கி வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தவர் அதன் உரிமையாளர். கேப்டவுன் அருகே குகுலேத்துவில் 2003இல் மிசோலி என்ற இறைச்சிக்கடை தொடங்கப்பட்டுப் புகழ்பெற்றது. அங்கே வாடிக்கையாளர் இறைச்சியைத் தாமே தெரிந்தெடுத்து நிறுத்துக் கொடுக்க, கடைக்காரர் தணலில் சுட்டுத் தருவார். இம்முறைக்கு ஷிசா நியாமா என்று பெயர். கடைக்கும் சமையலுக்கும் தனித்தனி முதல் தேவையில்லை ஆதலால் டவுன்ஷிப் எங்கும் இது பரவியது.

ஆனால் எல்லாக் கதையும் வெற்றியாக முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பின் டவுன்ஷிப்புகளில் பெரிய பேரங்காடிகள் வந்தன. 2007இல் சொவேட்டோவில் மபோன்யாவே ஒரு பேரங்காடியை எழுப்பினார். மண்டேலா அதைத் திறந்து வைத்தார். துணிக்கடைக்கே உரிமம் மறுக்கப்பட்டவருக்கு அது பெரிய வெற்றி. ஆயினும் பேரங்காடிகளோடு பொரித்த கோழி விற்கும் பெரிய நிறுவனங்களும் உள்ளே வந்தன. அவற்றோடு போட்டியிடச் சிறு கடைக்காரரிடம் முதல் இல்லை. பல ஆண்டுக் காலம் ஒரு கடைக்கு மேல் கூடாது, கூட்டு கூடாது, நிலம் கூடாது என்று தடுத்து வைத்த பிறகு, இனி எல்லாரும் சமம், ஓடுங்கள் என்று சொன்னால் பின்னே நிற்பவர் யார் என்பது தெரிந்ததே. அதன்மேல் ஆண்டுக்கணக்கில் மின்வெட்டு. 2023இல் அது உச்சத்தை எட்டியது. குளிர்பெட்டியில் இறைச்சி கெட்டது. இரவு வியாபாரம் இருண்டது. 2020 மார்ச்சில் கோவிட் ஊரடங்கு வந்து உணவகங்களை மூடியது. புகழ்பெற்ற மிசோலியும் 2021இல் மூடப்பட்டது.

அப்படியிருந்தும் அடுப்பு அணையவில்லை. திங்கட்கிழமை என்றால் மொகோடு என்று சொவேட்டோ கடைகள் இன்றும் கூட்டம் சேர்க்கின்றன. கோட்டாக் கொட்டகைகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஆட்சியாளர் சாப்பாட்டுக்கடையைக் கண்டு அஞ்சியது அதில் விற்ற குழம்புக்காக அன்று. உழைப்பாளியின் காசு உழைப்பாளியின் தெருவிலேயே சுற்றத் தொடங்கினால், அங்கே கல்வி வரும், சொத்து வரும், துணிவு வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகையால்தான் உரிமத்தையும் நிலத்தையும் கூட்டு முயற்சியையும் ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள். நமக்கு அந்தத் தடைகள் இல்லை. நம் பெண்கள் ஒட்டுக்கடை வைத்தால் அதை அற்பத் தொழில் என்று நாம் நினைக்கலாகாது. வரவு செலவைத் தனி நோட்டில் எழுதி வைப்போம். உரிமத்தை முறையாகப் பெறுவோம். கடைக்காசையும் வீட்டுக்காசையும் கலக்காதிருப்போம். நாலு பேர் சேர்ந்து செய்யக் கூடியதை நம்பிக்கையோடு சேர்ந்து செய்வோம். கூலியில் ஒரு பகுதி குடியில் கரையாமல் அடுப்பில் முதலாகட்டும்.

அடுத்த முறை ஒட்டுக்கடையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கும்போது, காசைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிடாமல் ஒரு கணம் சுற்றிலும் பார்ப்போம். நாம் தடையின்றி உட்கார்ந்திருக்கும் இதே பலகைக்காகத்தான் டர்பனிலும் சொவேட்டோவிலும் பெண்கள் கம்பெடுத்தார்கள், சிறைக்கும் போனார்கள்.